சேகருக்கு மிஞ்சிய இரண்டு எழுத்துகள்

போன மாதம் யமுனா போன் செய்தாள். நான் வேலை பார்த்த நிறுவனத்தில் என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண். அங்கே செய்தி வாசிக்கும் பிரிவை மூடப் போகிறார்களாம். இனி ஆள் யாரும் படிக்க வேண்டாம், மென்பொருளே படித்துச் சுருக்கித் தந்துவிடுமாம். அதற்காக ஒரு பிரியாவிடை மலர் போடுகிறார்கள் என்றாள்.

"ஆன்டி, நீங்களும் ஒரு பக்கம் எழுதித் தாங்க. ஹேப்பியான விஷயம் மட்டும் போதும்னு மேல சொல்றாங்க."

"ஹேப்பியா எழுத எனக்கு ஒன்னும் வராது யமுனா. வேற யாரையாச்சும் கேளு."

"சின்னதா ஏதாச்சும் லா ஆன்டி. அந்த மொட்டை பத்தி எழுதுங்க. இங்க எல்லாரும் அதச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாங்க."

மொட்டை என்றதும் எனக்குச் சேகர் ஞாபகம்தான் வந்தது. அந்த மலருக்கு நான் எதுவும் கொடுக்கவில்லை. ஆனால் போனை வைத்த பிறகு மனசு ஆறவும் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். சிரிப்பும் கொஞ்சம் உண்டு, அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

நான் மலேசியாவில், கிள்ளானில் பிறந்து வளர்ந்தவள். அப்பா துறைமுகத்துக்கு லோரி ஓட்டினார். தனியார் கல்லூரி ஒன்றில் கம்ப்யூட்டர் டிப்ளோமா படித்தேன். பிறகு பல ஆபீஸ்களில் பிரிண்டருக்கு மை மாற்றுவது, மேசைக்கு அடியில் படுத்துக் கேபிள் இழுப்பது, பெரிய மனிதர்கள் மறந்துபோன பாஸ்வர்டை மீட்டுக் கொடுப்பது என்று வருடங்கள் ஓடின. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. எல்லா ஆபீஸிலும் பிரிண்டர் ஒரே மாதிரிதான் சிக்கிக்கொள்ளும்.

கடைசியாக வந்து சேர்ந்தது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பூமாலைக் கடைகளுக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்த இந்த நிறுவனம். வங்கிகள், தொழிற்சாலைகள், பெரிய கம்பெனிகள் எல்லாவற்றுக்கும் தங்களைப் பற்றி யார் என்ன எழுதுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை. அவர்களுக்காக எங்கள் ஆட்கள் விடியும்போதே வந்து உட்கார்ந்து மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ்ச் செய்தித் தளங்களை எல்லாம் படிப்பார்கள். வாடிக்கையாளர் ஆபீசுக்கு வந்து காப்பி குடிப்பதற்குள் சுருக்கம் அவர் மேசையில் இருக்க வேண்டும். கம்ப்யூட்டர்கள் நடுவில் படுத்துவிடாமல் பார்த்துக்கொள்வது என் வேலை.

வாசிப்புப் பிரிவின் தலைவர் மிஸ்டர் நடேசன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம், மூன்று தலைமுறையாக இங்கேதான். ஆபீஸைக் கூட்டுகிற அம்மாவிலிருந்து முதலாளிவரை எல்லாரையும் "வாங்கோ, இருங்கோ" என்றுதான் பேசுவார். முழுக்கைச் சட்டையின் பொத்தானை மணிக்கட்டுவரை போட்டிருப்பார். குரல் உயராது. கோபம் வந்தால் ஆங்கிலத்துக்கு மாறுவார், அதுவும் மெதுவான ஆங்கிலம். அவர் "தனலெட்சுமி, one moment please" என்று கூப்பிட்டால் நான் ஏதோ பெரிய தப்பு செய்துவிட்டேன் என்று அர்த்தம்.

அவருக்கு மவுஸ் பிடிக்காது. படிக்கிறவன் கை ஒரு பக்கம், கண் ஒரு பக்கம் அலைகிறது, பாதி நேரம் அம்புக்குறியைத் தேடுவதிலேயே போகிறது என்பார். வாசிப்பவர்களில் பலருக்கு மணிக்கட்டு வலியும் இருந்தது. எங்கெங்கோ தேடி ஒரு உலாவியைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். உலகத்தில் ஏதோ மூலையில் ஒரு சிலர் ஓய்வு நேரத்தில் எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்திக்கொள்ளலாம் என்று இலவசமாக விட்டிருந்த பிரௌசர். அதில் பட்டன் கிடையாது, மெனு கிடையாது, மேலே முகவரிப் பட்டை கிடையாது. திரை முழுவதும் செய்திப் பக்கம், அடியில் மெல்லிசாக ஒரு கறுப்புக் கோடு. அவ்வளவுதான்.

"என்னா சார் இது, மொட்டை அடிச்சு உட்கார வச்ச மாதிரி இருக்கு?" என்று முதல் நாளே கேட்டது தமிழ்ப் பக்கம் படிக்கும் சேகர். பேர் நிலைத்துவிட்டது. சீனப் பக்கம் படித்த மே லிங்கூட "மொட்டை hang ஆயிடுச்சு" என்றுதான் என்னிடம் புகார் சொல்வாள்.

மிஸ்டர் நடேசன் எல்லாருடைய மவுஸையும் வாங்கி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுப் பூட்டிவிட்டார். அதன் பிறகு எல்லாம் விசைப்பலகையில்தான். ஜே தட்டினால் பக்கம் கீழே போகும், கே தட்டினால் மேலே வரும். டி தட்டினால் பக்கம் மூடிக்கொள்ளும், யூ தட்டினால் மூடிய பக்கம் திரும்பி வரும். எஃப் தட்டினால்தான் வேடிக்கை. திரையில் எங்கெல்லாம் சொடுக்கக்கூடிய இணைப்பு இருக்கிறதோ அங்கெல்லாம் ஒரு சின்ன மஞ்சள் சீட்டு முளைக்கும். ஒவ்வொரு சீட்டிலும் இரண்டு எழுத்து. எந்தச் செய்தி வேண்டுமோ அதன் எழுத்துகளைத் தட்டினால் அது திறக்கும். பழகிய ஆளுக்குக் கண் வரியை விட்டு நகராது, கை பலகையை விட்டு நகராது.

பழகுவதற்குள் பட்ட பாடு இருக்கிறதே. ஒரு பெரிய வாடிக்கையாளருக்குப் போன அறிக்கையில் பத்தி முடிகிற இடத்திலெல்லாம் ஜேஜேஜே என்று இருந்தது. எங்கள் ஆட்கள் அறிக்கை எழுதும் இடத்திலும் கீழே போக ஜே தட்டியிருக்கிறார்கள். இது என்ன குறியீடு என்று வாடிக்கையாளர் கேட்டு எழுத, மிஸ்டர் நடேசன் அன்று முழுவதும் ஆங்கிலத்தில் பேசினார். இன்னொரு நாள் மார்க்கெட்டிங் மேலாளர் ஒருவர் சேகர் எழுந்து போன நேரம் அவன் இடத்தில் உட்கார்ந்து ஏதோ தேட ஆரம்பித்தார். மொட்டையில் ஒவ்வொரு எழுத்தும் ஒரு கட்டளை. அவர் ஒரு வாக்கியம் தட்டி முடிப்பதற்குள் சேகரின் காலை வேலை பாதி மூடிக்கொண்டது.

அதன் பிறகு ஒரு சட்டம் வந்தது. அடுத்தவர் விசைப்பலகையில் யாரும் கை வைக்கக் கூடாது. மொட்டையில் எந்த விசை என்ன செய்ய வேண்டும் என்பதை ஒவ்வொருவரும் தன் வசதிக்கு மாற்றிக்கொள்ளலாம், அதனால் ஒருவர் பலகை அடுத்தவருக்கு ஆகாது. எனக்கும் அதே சட்டம்தான். பழுது பார்க்கப் போனால் பின்னால் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, இதைத் தட்டு, அதைத் தட்டு என்று வாயால் சொல்ல வேண்டும்.

"அக்கா கைய கட்டிக்கிட்டு நிக்கிறத பார்த்தா ஸ்கூல்ல தண்டன வாங்கின மாதிரி இருக்கு," என்பான் சேகர்.

சேகர் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவன். கிள்ளானுக்கு அப்பால் காப்பாரில் வீடு. இருட்டோடு மோட்டார் சைக்கிளில் கிள்ளான் ஸ்டேஷனுக்கு வந்து, அங்கிருந்து ரயிலில் கோலாலம்பூர் சென்ட்ரல் வந்து, நடந்து ஆபீஸ் சேருவான். வாய் ஓயாது. ஆனால் அவ்வளவு வேகமாகப் படித்து அவ்வளவு சுருக்கமாக எழுதுகிற ஆள் அந்த மாடியில் வேறு யாரும் இல்லை. அவன் தட்டும்போது நான் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன். சீட்டு முளைப்பதும் மறைவதும் தெரியாது, பக்கம் மட்டும் மாறிக்கொண்டிருக்கும்.

ஒரு நாள் விசைப்பலகை சரியில்லை என்றான். மாற்றிக் கொடுத்தேன். சில வாரத்தில் அதுவும் சரியில்லை என்றான். "உன் கையில ஏதோ ராசி சரியில்ல, எந்த போர்டு குடுத்தாலும் கெடுத்துடுற," என்று திட்டிவிட்டு மறுபடியும் மாற்றினேன். அவன் சிரித்தான்.

அடுத்த வாரம் மதியம் வாழை இலைக் கடைக்குப் போனோம். இலை போட்டு, சோறு வைத்து, குழம்பு ஊற்றியதும் சேகர் கடைக்காரரிடம் கரண்டி கேட்டான்.

"என்னடா, தொர ஆயிட்டியா?" என்றேன்.

"கை புடிக்க மாட்டுது அக்கா," என்றான். இலையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "பெரிய ஆஸ்பத்திரில எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சு. நரம்பு வியாதியாம். ஒவ்வொரு வெரலா போகுமாம். அப்புறம் காலு, அப்புறம் பேச்சு. மருந்து இல்லன்னுட்டாங்க."

"எவ்வளவு நாளு..."

"அத நான் கேக்கல. மலர் கேட்டுச்சு. என்கிட்ட சொல்லாதன்னு சொல்லிட்டேன்."

மலர் அவன் மனைவி. நான் சோற்றைத் தொடவே இல்லை. அவன்தான் இடது கையில் கரண்டியைப் பிடித்து மெதுவாகச் சாப்பிட்டான். பிறகு சொன்னான்.

"வீட்ல எல்லாரும் என்கிட்ட மெதுவா பேச ஆரம்பிச்சிட்டாங்க அக்கா. டிவி சத்தத்தகூட கொறச்சு வைக்கிறாங்க. இங்கதான் நீங்க இன்னும் என்ன திட்டுறீங்க. முடியிற வரைக்கும் நான் என் சீட்ல உட்காரணும். என் பக்கத்த நான்தான் படிக்கணும். பாவம்னு சொல்லிட்டு எனக்குப் பதிலா வேற யாரும் தட்டக் கூடாது. அத மட்டும் பார்த்துக்குங்க."

சரி என்றேன்.

அன்று சாயங்காலமே மிஸ்டர் நடேசனிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "என்ன செய்யலாம் எண்டு நாளைக்குச் சொல்லுங்கோ," என்றார்.

செய்வதற்கு வழி இருந்தது. மற்ற பிரௌசராக இருந்தால் அந்த நிறுவனத்துக்கு எழுதிப் போட்டுவிட்டு ஆயுசு முழுக்கக் காத்திருக்க வேண்டும். மொட்டையின் விசைகள் எல்லாம் சாதாரண எழுத்துக் கோப்பு ஒன்றில் இருந்தன. திறந்து மாற்றினால் மாறும். சேகரின் வலது கைதான் முதலில் போனது. கீழே மேலே போகிற விசைகளை எல்லாம் இடது கைப் பக்கம் கொண்டு வந்தேன். மஞ்சள் சீட்டுகளில் இடது கைக்கு எட்டுகிற எழுத்துகள் மட்டும் வரும்படி செய்தேன். ஒரு வாரத்தில் பழகிவிட்டான். "ஒத்தக் கையில பிரியாணி கிண்டுற மாதிரி இருக்கு அக்கா," என்றான்.

ஆனால் இதில் ஒரு கணக்கு இருக்கிறது, அதை அப்போதே இருவரும் புரிந்துகொண்டோம். எழுத்துகள் நிறைய இருந்தால் ஒவ்வொரு சீட்டுக்கும் இரண்டு எழுத்து போதும். எழுத்து குறைந்தால் சீட்டு நீளும். ஒரு கைக்கு வந்தபோது மூன்று எழுத்து தட்ட வேண்டியிருந்தது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் போனபோது மூன்று விசைதான் மிஞ்சியது, அப்போது ஒரு செய்தியைத் திறக்க ஐந்து எழுத்து. கடைசியில் ஆள்காட்டி விரல் ஒன்றுக்கு எட்டுகிற எஃப், ஜி என்ற இரண்டு விசையும், கட்டைவிரலுக்கு நீளமான இடைவெளிப் பட்டையும் மட்டும் இருந்தன. பெரிய செய்தித் தளம் என்றால் ஒரு செய்திக்கு ஏழு தடவை தட்ட வேண்டும். சுருக்கத்தை எழுத்தெழுத்தாகத் தட்ட முடியாமல் போன பிறகு, முக்கியமான பத்தியைச் சீட்டாலேயே பிடித்து அறிக்கையில் சேர்த்தான். திரை முழுவதும் எஃப்எஃப்ஜிஎஃப்ஜிஜிஎஃப் என்று நீள நீளமாகச் சீட்டுகள். ஒவ்வொரு முறை அந்தக் கோப்பைத் திறந்து ஓர் எழுத்தை எடுக்கும்போதும் அவனிடமிருந்து நானே பிடுங்குவது போல இருந்தது. எடுக்காமல் விட்டால் அந்த எழுத்து வரும் சீட்டில் அவன் மாட்டிக்கொள்வான். அதனால் எடுத்தேன்.

இதற்கு நடுவில் ஒரு நாள் சேகர் மிஸ்டர் நடேசன் மேசைக்கு முன்னால் போய் நின்றான்.

"சார், என் சைட்டெல்லாம் எங்க போச்சு?"

"கொஞ்ச நாளைக்கு இதுகளைப் பாருங்கோ சேகர்."

"கோயில் நோட்டீஸ் போடுற சைட்ட குடுத்திருக்கீங்க. ஒரு பக்கத்துக்கு நாலு லிங்க்கூட இல்ல. இதுக்கு நான் வீட்லயே இருப்பேன் சார்."

அவர் எழுந்து நின்றார். எல்லாருக்கும் கேட்கும்படி, "நான் செய்தது பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ," என்றார். பழைய தளங்களை அன்றே திருப்பிக் கொடுத்தார். மறுநாளிலிருந்து ஆபீஸ் கதவைத் திறக்கிற வேலையைக் காவல்கார ஜாகாவிடமிருந்து தானே வாங்கிக்கொண்டார். எல்லாருக்கும் முன்னால் வந்து திறந்து வைத்தால் சேகர் சீக்கிரம் ஆரம்பிக்கலாம் அல்லவா. அதற்குள் மலர்தான் அவனைக் காரில் கொண்டுவந்து விட ஆரம்பித்திருந்தாள். மிஸ்டர் நடேசன் அவனுக்கு உதவியாக வேறு எதுவும் செய்யவில்லை, மற்றவர்களைச் செய்யவும் விடவில்லை. அவன் தப்பு செய்தால் எல்லாருக்கும் சொல்வதைப் போலவே சொன்னார். அந்த மனிதர்மேல் எனக்கு இருக்கிற மரியாதை முழுவதும் அந்த நாட்களில் வந்ததுதான்.

அவர் ஓய்வு பெற்றுப் போனார். சில மாதத்தில் கம்பெனியையும் வேறு ஒரு பெரிய குழுமம் வாங்கிவிட்டது. பிரகாஷ் என்று புது மேலாளர் வந்தார். கெட்டவர் இல்லை. வந்த முதல் நாளே எல்லாருக்கும் தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்தார். ஆனால் அவரோடு ஒரு புது ஏற்பாடும் வந்தது. இனி யாரும் தனித்தனியாகத் தளங்களைத் திறந்து படிக்க வேண்டாம். தலைமையகத்தின் ஒரே பக்கத்தில் எல்லாச் செய்தியும் வரிசையாக வந்து விழும். படித்துவிட்டு மவுஸால் இழுத்து அந்தந்த வாடிக்கையாளர் கட்டத்தில் போட வேண்டும். அந்தப் பக்கம் பெரிய கம்பெனிகளின் பிரௌசரில்தான் ஓடும். பிஸ்கட் டின்னை உடைத்து எல்லாருக்கும் மவுஸ் கொடுத்தார்கள்.

சேகருக்கு மவுஸைப் பிடிக்கவே கை இல்லை.

பிரகாஷ் என்னைக் கூப்பிட்டார். "அக்கா, சேகர் அண்ணனுக்கு நாங்க ஃபுல் சப்போர்ட். பக்கத்துல ஒரு ஆள் போடுறேன், அண்ணன் சொல்லட்டும், அந்த ஆள் இழுத்துப் போடட்டும். இல்லன்னா போன் எடுக்குற வேலைக்கு மாத்திடலாம்."

பேச்சும் போகப் போகிறது என்பதை நான் அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. சேகரிடம் கேட்டதற்கு, "ஆள் வச்சா அந்த ஆள் படிக்கட்டும், நான் எதுக்கு?" என்றான்.

நான் வீட்டில் உட்கார்ந்து மொட்டைக்கு ஒரு சின்ன நிரல் எழுதினேன். தலைமையகத்தின் பக்கம் அதில் திறக்கும், இழுத்துப் போடுகிற வேலையை இரண்டு எழுத்துகளே செய்யும். பிரகாஷ் பார்த்தார். பாதுகாப்புப் பிரிவு அனுமதிக்காத மென்பொருள் என்று தயங்கினார். கடைசியில், "ஒரு காலை வேலைய முழுசா செஞ்சு காட்டட்டும் அக்கா. நான் மேல பேசுறேன்," என்றார்.

அந்தக் காலையை நான் மறக்க மாட்டேன். சேகர் சக்கர நாற்காலியில் வந்தான். சட்டையை மலர் இஸ்திரி போட்டு விட்டிருந்தாள். தலைமையகத்திலிருந்து மூன்று பேர் அவன் பின்னால் நின்றார்கள். இடது கையைப் பலகையின் மேல் எடுத்து வைக்க மட்டும் என்னிடம் கண் காட்டினான், வைத்தேன். பிறகு யாரும் தொடவில்லை. எஃப், எஃப், ஜி. பிறகு ஒரு மூச்சு. மறுபடி ஜி, எஃப், ஜி, ஜி. செய்தி திறக்கும். கட்டைவிரலால் பட்டையை அழுத்திப் பக்கத்தைத் தள்ளுவான். படிப்பான். முகத்தில் அதே பழைய சேகர், புருவத்தைச் சுருக்கிக்கொண்டு. நடுவில் விரல் இறுகி நின்றுவிட்டது. மே லிங் எழுந்தே விட்டாள். அவன் தலையை மட்டும் ஆட்டினான், அவள் உட்கார்ந்தாள். விரல் தானாகத் தளரும்வரை எல்லாரும் காத்திருந்தோம்.

முடித்துவிட்டான். மற்றவர்களுக்குப் பின்னால்தான் முடித்தான், ஆனால் அறிக்கை போக வேண்டிய நேரத்துக்குள். ஒரு செய்தி விடுபடவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள். தலைமையகப் பெண் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "So inspiring," என்றாள். அவனோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. அவருடைய மன உறுதியைப் பாராட்டுகிறோம், ஆனால் பாதுகாப்பு விதிகளுக்கு விலக்கு அளிக்க இயலாது. அதே வாரம் அந்தப் போட்டோ கம்பெனியின் இணையப் பக்கத்தில் வந்தது. விடாமுயற்சி என்று தலைப்பு. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பிரகாஷ் அறைக்குப் போய், "அந்தப் போட்டோவ எடுத்துடுங்க, இல்ல அவன உள்ள விடுங்க, ரெண்டுல ஒன்னு செய்யிங்க," என்றேன். அவர் தலை குனிந்துகொண்டார். "நான் கேட்டுப் பார்த்துட்டேன் அக்கா," என்றார். கேட்டிருப்பார் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அதனால் யாருக்கு என்ன பிரயோஜனம்?

சேகர் அந்தப் பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்றான். மொட்டையில் திறந்தபோது, நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபியுங்கள், சாலை விளக்கு இருக்கிற படங்களைச் சொடுக்குங்கள் என்று வந்தது. அதை விசையால் செய்ய முடியவில்லை.

"பாருங்க அக்கா, என்ன பத்தி போட்ட பக்கத்துலயே நான் மனுஷன் இல்லையாம்," என்று சிரித்தான். அப்போதே அவன் பேச்சு குழற ஆரம்பித்திருந்தது.

அந்த மாதக் கடைசியில் அவன் நின்றுவிட்டான். நான் மிஸ்டர் நடேசனுக்குப் போன் செய்து அழுதேன். நான் அழுது முடிக்கும்வரை அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "அவருக்கு வீட்டில ஒரு மெஷின் வச்சுக் குடுங்கோ. வேலை இல்லாட்டியும் அவர் வாசிக்கட்டும்," என்றார்.

காப்பாரில் சேகர் வீட்டு முன்னறையில் ஒரு கணினியை வைத்தேன். அதில் மொட்டை, அதே இரண்டு எழுத்து. ஒரு செய்தியைத் திறந்து பட்டையை நீளமாக அழுத்தினால் தலைப்பும் முதல் பத்தியும் எனக்கு மின்னஞ்சலில் வந்துவிடும். அடுத்த வருடம் நானும் ஓய்வு பெற்றேன். அதற்குப் பிறகும் தினமும் காலையில் சேகரின் அறிக்கை வரும். எந்த வாடிக்கையாளரும் இல்லாத அறிக்கை. ஐந்தாறு செய்தி, பிறகு மூன்று, பிறகு இரண்டு. நான் பதில் போடுவேன்: இது நேற்றே வந்த செய்தி, தூங்குகிறாயா? இதில் என்ன இருக்கிறது என்று அனுப்பினாய்? திட்டாமல் ஒரு நாள் நன்றி என்று மட்டும் போட்டுவிட்டேன். மறுநாள் மலர் போனில், "என்னக்கா, அவருமேல கோவமான்னு கேக்குறாரு," என்றாள்.

ஒன்று மட்டும் அவன் விடவே இல்லை. செய்தியை எழுதிய நிருபரின் பெயர். அது தானாக வராது, அந்தப் பெயர் வரியைப் பிடிக்க மறுபடி ஏழு எழுத்து தட்ட வேண்டும். எதற்கு இந்தச் சிரமம் என்று நேரில் போனபோது கேட்டேன். பேச்சு பாதி புரிந்தது, மீதியை மலர் சொன்னாள். "யார் எழுதினாங்கன்னு இல்லன்னா அது நியூஸ் இல்லையாம் அக்கா, வெறும் பேச்சாம்." ஒரே ஒரு செய்தி அனுப்பிய நாட்களிலும் அடியில் அந்தப் பெயர் இருக்கும். அந்தப் பெயர்களுக்கு உரியவர்கள் தங்கள் பெயருக்காகக் காப்பாரில் ஒரு விரல் இவ்வளவு பாடுபடுகிறது என்று அறிந்திருக்க மாட்டார்கள்.

கண் அசைவில் இயங்கும் கருவி ஒன்றுக்கு விண்ணப்பம் போட்டு வைத்திருந்தோம். அது வருவதற்குள் சேகர் போய்விட்டான்.

காரியங்கள் முடிந்த பிறகு ஒரு நாள் மலரைப் பார்க்கப் போனேன். கணினி அப்படியே இருந்தது, மேலே ஒரு துணி போட்டு மூடியிருந்தாள். மைலோ கலக்கிக் கொண்டுவந்து வைத்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தாள்.

"அக்கா, உங்ககிட்ட ஒன்னு கேக்கணும்," என்றாள். "கடைசில அவருக்கு வெரல் சுத்தமா முடியல. ரெண்டு நாளு மெஷினே தொறக்கல. அப்புறம் அவரே கண்ண காட்டி என்ன கூப்பிட்டாரு. கண்ண ஒரு தடவ மூடினா எஃப், ரெண்டு தடவ மூடினா ஜி. அவரு சொல்லச் சொல்ல நான் தட்டினேன். எவ்வளவு நேரமானாலும் அந்தப் பேரையும் தட்ட வைப்பாரு."

"எனக்குத் தெரியாதே மலர்."

"சொல்லக் கூடாதுன்னு கண்ணாலயே சொல்லிட்டாரு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா கடைசி ரெண்டு நாளு, கண்ண மூடுறாரா, தூங்குறாரா, எனக்குப் புரியலக்கா. நான் தட்டுறத நிறுத்தினா முழிச்சுப் பார்க்கிற மாதிரி இருந்துச்சு. அதனால நானா எதையோ தட்டி, எதையோ தொறந்து, உங்களுக்கும் அனுப்பிட்டேன். அத அவரு படிச்சாரா இல்லையான்னு தெரியல. அவருக்குப் பதிலா யாரும் தட்டக் கூடாதுன்னு அவ்வளவு சொல்லிட்டு இருந்த மனுஷன். கடைசில நானே செஞ்சிட்டேனோன்னு இருக்கு."

அந்தக் கடைசி இரண்டு நாள் மின்னஞ்சல்களும் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தன. ஒன்று பாசார் மீன் விலை. மற்றது ஏதோ துணிக்கடை விளம்பரம். இரண்டிலும் எழுதியவர் பெயர் இல்லை.

"அவன் படிச்சு அனுப்பினதுதான் மலர்," என்றேன்.

"நெசமாவா அக்கா?"

"இத்தன வருஷம் அவன் மெஷின பார்த்துக்கிட்டவ நான். அவன் படிச்சது எது, படிக்காதது எதுன்னு எனக்குத் தெரியாதா?"